முகமூடிக்குள் ஒரு குழந்தை

படம் பத்து நிமிடம். இருட்டான அறை. கட்டிலுக்கடியில் ஒரு சிறுவன். அடுத்த அறையில் பாத்திரம் உருளும் சத்தம், ஒரு ஆணின் கூச்சல், ஒரு பெண்ணின் அழுகை. சிறுவன் கையில் ஒரு கிழிந்த காமிக்ஸ் புத்தகம். கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துக் கழுத்தில் முடிந்துகொள்கிறான். கதவு திறக்கிறது. திரை வெளுக்கிறது. 'பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்து வருகிறது. மொட்டை மாடி விளிம்பில் முகமூடி அணிந்த ஒரு இளைஞன். கீழே நகரத்தின் விளக்குகள். இசை உச்சத்துக்குப் போக, படம் முடிகிறது.

இது குறிப்பிட்ட எந்த மாணவரின் படமும் அல்ல. ஆனால் கல்லூரிக் குறும்பட விழாக்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த அச்சு புதிதாக இருக்காது. ஏன் இந்தக் கதை மாணவர்களை இழுக்கிறது என்பதும் பெரிய மர்மமல்ல. செலவு குறைவு. ஒரு வீடு, ஒரு துண்டு, ஒரு டார்ச் விளக்கு போதும். படம் எடுப்பவருக்கு வயது இருபது, இருபத்தொன்று. பிள்ளைப் பருவத்தைத் தாண்டி அதிக தூரம் வந்துவிடவில்லை. அதைத் திரும்பிப் பார்க்கும் துணிச்சல் அப்போதுதான் வருகிறது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை முகமூடி போட்டுச் சொல்லலாம். கேட்டால் 'இது வெறும் சூப்பர் ஹீரோ கதைதான்' என்று தப்பித்துக்கொள்ளவும் முடியும்.

ஆகவே சிரித்துத் தள்ளக்கூடிய விஷயமல்ல இது. ஆனால் அந்தத் துண்டுக்கும் மொட்டை மாடிக்கும் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது: காயம் பட்டான், அதனால் பலசாலி ஆனான். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, அது சரிதானா என்று கேட்பதற்கு முன் காமிரா ஓட ஆரம்பித்துவிடுகிறது.

பின்னால் சேர்ந்த காயம்

இந்தக் கணக்கின் மூலப் பிரதி பேட்மேன். பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய அந்த வௌவால் மனிதன் 1939 மே மாத இதழில் அறிமுகமானபோது அவனுக்குப் பூர்வகதையே கிடையாது. பணக்காரன், ராத்திரியில் முகமூடி அணிந்து குற்றவாளிகளைப் பிடிக்கிறான், அவ்வளவுதான். சினிமா பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பெற்றோர் ஒரு திருடனால் சுடப்பட்டதும், சிறுவன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சபதம் எடுத்ததும் அந்த ஆண்டு நவம்பர் இதழில், வெறும் இரண்டே பக்கங்களில் சொல்லப்பட்டன. அதாவது முதலில் வந்தது முகமூடி. காயம் ஆறு மாதம் கழித்து, அந்த முகமூடிக்குக் காரணம் சொல்வதற்காக வந்தது.

1938ல் வந்த சூப்பர்மேனுக்குத் தாய் தந்தை மட்டுமல்ல, பிறந்த கிரகமே அழிந்துபோகிறது. அவனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகலின் தந்தை 1932ல் கிளீவ்லண்ட் நகரில், தன் துணிக்கடையில் திருட்டு நடந்தபோது மாரடைப்பில் இறந்தவர். அப்போது மகனுக்குப் பதினேழு வயது. துப்பாக்கிக் குண்டு துளைக்காத மனிதன் அந்த வீட்டிலிருந்து வந்தது தற்செயலா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தொடர்பு உண்டா என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்தில்லை. காயத்திலிருந்து அந்தப் பையனுக்கு ஏதாவது சக்தி வந்தது என்று வைத்துக்கொண்டாலும், அது கதை எழுதும் சக்திதான். பறக்கும் சக்தி அல்ல.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் இதே பாதையில்தான். 1940ல் பேட்மேனுக்குத் துணையாக வந்த ராபின், சர்க்கஸில் பெற்றோரைப் பறிகொடுத்த பையன். 1962ல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் தந்த ஸ்பைடர்மேன், தான் தடுக்காமல் விட்ட திருடனாலேயே வளர்ப்புச் சித்தப்பாவை இழக்கிறான். அதே ஆண்டு அறிமுகமான ஹல்க் வெகுகாலம் ஒரு விஞ்ஞான விபத்தின் விளைவாகவே இருந்தான். 1985ல்தான் அவனுடைய தந்தை அவனைச் சிறுவயதில் கொடுமைப்படுத்தியவர் என்ற கதை சேர்ந்தது. அந்தப் பச்சைப் பூதத்தின் கோபம் அணுக்கதிரிலிருந்து அல்ல, வீட்டிலிருந்து வந்தது என்று சொன்ன துணிச்சல் பாராட்டத்தக்கது. ஆனாலும் கணக்கு அதேதான். அடி விழுந்தது, பலம் வந்தது.

சொந்தச் சரக்கு

இந்தியாவில் இந்த விதை விழுந்த நிலம் ரயில் நிலையப் புத்தகக் கடைகளும் வாடகை நூலகங்களும். இந்தியில் கொடிகட்டிப் பறந்த ராஜ் காமிக்ஸின் நாயகர்களில் ஒருவன் 1987ல் அனுபம் சின்ஹா உருவாக்கிய சூப்பர் கமாண்டோ துருவா. போட்டி சர்க்கஸ் கம்பெனியின் சதியால் கூடாரம் எரிந்து பெற்றோர் இறக்கிறார்கள். அவனுக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் இல்லை. தொண்ணூறுகளில் வந்த டோகா இன்னும் கறுப்பு. குப்பைத் தொட்டியில் கிடந்த குழந்தையை ஒரு கொள்ளைக்காரன் எடுக்கிறான். வளர்ப்பதற்காக அல்ல, போலீஸ் சுடும்போது கேடயமாகப் பிடித்துக்கொள்வதற்காக. நாயோடு நாயாக வளர்ந்த பையன் பின்னாளில் நாய் முகமூடி அணிகிறான்.

இதற்கு நேர் எதிர் 1997ல் தூர்தர்ஷனில் வந்த 'சக்திமான்'. அவனுடைய பலம் காயத்திலிருந்து வரவில்லை. யோகத்திலிருந்தும் குருமார்களின் அருளிலிருந்தும் வந்தது. நம்முடைய புராண வழக்கப்படி பலம் என்பது வரம், அல்லது தவத்தின் பலன். ஆனாலும் நம் புராணங்களுக்குக் காயப்பட்ட குழந்தைகளைத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தந்தையின் மடியிலிருந்து சிற்றன்னையால் விரட்டப்பட்டு ஐந்து வயதில் காட்டுக்குப் போன துருவன் யார்? காமிக்ஸ் நாயகனுக்கு அவன் பெயர் அமைந்தது பொருத்தம்தான். பிறந்ததும் ஆற்றில் விடப்பட்ட கர்ணன் யார்?

ஆனால் அந்தக் கதைகளில் மறக்கக்கூடாத ஒரு வித்தியாசம் இருக்கிறது. துருவன் அழுதுகொண்டு ஓடி வந்தபோது சுநீதி என்ற தாய் அவனை அணைத்துக்கொண்டு பேசினாள். கர்ணனைத் தேரோட்டி அதிரதனும் ராதையும் எடுத்து வளர்த்தார்கள். குந்தியே நேரில் வந்து 'நீ என் மகன்' என்று சொன்ன பிறகும், தன்னை வளர்த்த ராதையின் உறவை அவன் விடச் சம்மதிக்கவில்லை. ராதேயன் என்ற பெயர் பாரதம் முழுக்க அவனோடு வருகிறது. குழந்தையை யார் கைவிட்டார்கள் என்று சொல்லும் கதை, யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறது.

கணக்கில் மூன்று தவறுகள்

மாணவர் படங்களுக்கு வருவோம். முதல் தவறு, குற்றவாளி யார் என்பதில். காமிக்ஸில் வில்லன் இருட்டுச் சந்திலிருந்து வரும் அந்நியன். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. மூன்றில் இரண்டு பேர் உடல் ரீதியான வன்முறைக்கு ஆளானவர்கள். 53 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்தவர்கள். தவறிழைத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களாக 2022ல் மட்டும் நாட்டில் பதிவான வழக்குகள் 1,62,449 என்கிறது தேசியக் குற்றப் பதிவுத் துறை. முகமூடி போட்டு மாடி மாடியாகத் தாவிப் பிடிக்கவேண்டிய எதிரி அல்ல இது. சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருக்கும் எதிரி.

இரண்டாவது தவறு, வலி பலமாகும் என்பது. அமெரிக்காவின் சான் டியேகோவில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முதல் முடிவுகள் 1998ல் வெளிவந்தன. அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடி, தாயின் மீதான வன்முறை என்று சிறுவயதுத் துன்பங்களைப் பட்டியலிட்டு, யார் எத்தனை வகையை அனுபவித்தார்கள் என்று கேட்டார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. இதய நோயும் அதிகம். அடிபட்ட உடம்பு அந்த அடியை முப்பது, நாற்பது வருடம் சுமக்கிறது. அதை 'சக்தி' என்று அழைப்பது கவித்துவமாக இருக்கலாம், உண்மை அல்ல.

மூன்றாவது தவறு, 'பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு' என்ற அந்த எழுத்து. சொல்லவேண்டிய கதை முழுவதும் அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் அவன் எப்படி உட்கார்ந்தான்? கன்னத்துத் தழும்பைப் பார்த்த டீச்சர் என்ன கேட்டார்? என்ன பொய் சொன்னான்? கணக்குப் பாடத்தில் ஏன் தோற்றான்? யாராவது உரக்கப் பேசினால் இன்னும் ஏன் நடுங்குகிறான்? வெட்டி எறியப்பட்ட இந்தத் துண்டுகளில்தான் படம் இருக்கிறது.

ஒரே மின்னல், இரண்டு பேர்

காயம்தான் நாயகனை உருவாக்குகிறது என்றால் வில்லனை உருவாக்குவது எது? காமிக்ஸ் உலகமே இந்தக் கேள்வியில் திணறியது. எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னிட்டோ 1963ல் வெறும் வில்லனாகத்தான் வந்தான். அவன் நாஜி வதைமுகாமில் சிறுவனாக இருந்தவன் என்பது 1981ல் சேர்ந்தது. புதுச்சேரியின் பகுதியான மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன் 2000ல் எடுத்த 'அன்பிரேக்கபிள்' படத்தில், தொட்டால் எலும்பு முறியும் நோயோடு பிறந்து, மற்ற பிள்ளைகளின் கேலிக்கு ஆளான சிறுவன் வளர்ந்து என்ன ஆகிறான் என்பதே படத்தின் முடிச்சு.

இந்தக் கேள்விக்கு இந்தியப் படங்களில் கிடைத்த தெளிவான பதில் பேசில் ஜோசப் இயக்கிய 'மின்னல் முரளி'. 2021 டிசம்பரில் வெளியான மலையாளப் படம். குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமம். ஒரே இரவில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையல்காரன் ஜெய்சன். சிறுவயதில் விபத்தில் தந்தையை இழந்தவன். இன்னொருவன் டீக்கடையில் வேலை செய்யும் ஷிபு. பைத்தியம் என்று ஊர் ஒதுக்கியவன். தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அந்த வேடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். சக்தி இருவருக்கும் ஒன்றுதான். இழப்பும் இருவருக்கும் உண்டு. வித்தியாசம், ஜெய்சனை ஒரு தையல்காரர் எடுத்துத் தன் பிள்ளையாக வளர்த்தார். ஷிபுவுக்குக் கதவைத் திறந்தவர்கள் இல்லை. அவன் தீ வைக்கும்போதுகூட, பார்ப்பவரின் மனது முழுதாக அவனை வெறுக்க மறுப்பது அதனால்தான்.

ஆனால் அந்தப் பாடத்தையும் பாதி புரிந்துகொண்டால் ஆபத்து. அரங்கின் பின்வரிசையில் உண்மையாகவே அடிபட்டு வளர்ந்த ஒரு பெண்ணோ பையனோ உட்கார்ந்திருக்கக்கூடும். மேலே சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால், அப்படி ஒருவர் இல்லாத அரங்கே அபூர்வம். அவருக்கு இந்தக் கதைகள் இரண்டே வழிகளைக் காட்டுகின்றன: அசாதாரண நாயகனாக ஆகு, இல்லையென்றால் அரக்கனாவாய். காலையில் எழுந்து பஸ் பிடித்து வேலைக்குப் போய், பயமில்லாமல் தூங்கும் ஒரு சாதாரண மனிதனாக ஆகலாம் என்று எந்த முகமூடிக் கதையும் சொல்வதில்லை. அடிபட்ட குழந்தைக்கு அதுதான் பெரிய கனவு.

ஹவாயின் காவாய் தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நல்ல வேலையும் உறவும் உள்ள தெம்பான பெரியவர்களாக வளர்ந்தார்கள். 1982ல் வந்த புத்தகத்தின் தலைப்பில் அவர்களை 'வெல்ல முடியாதவர்கள்' என்றே அழைத்தார் வெர்னர். 1992ல் வந்த அடுத்த புத்தகத்தின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. இந்தக் குழந்தைகளிடம் என்ன விசேஷம் என்று தேடியபோது திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது அற்புத சக்தி அல்ல. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு ஆசிரியர் என்று அந்தக் குழந்தையின் மீது உறுதியான அன்பு வைத்த யாராவது ஒரு பெரியவர் இருந்தார். தடுமாறியவர்களிலும் பலர் பிற்பாடு, ஒரு படிப்பாலோ நல்ல மணவாழ்க்கையாலோ எழுந்து நின்றார்கள்.

காமிராவுக்கு முன்னால்

இன்னொரு குழந்தையைப் பற்றியும் பேசவேண்டும். கட்டிலுக்கடியில் படுத்து நடித்த அந்தச் சிறுவன். மாணவர் படங்களில் அவன் பெரும்பாலும் யாரோ ஒருவரின் தம்பி, அல்லது எதிர் வீட்டுப் பையன். சட்டம் அவனைப் பற்றி மௌனமாக இல்லை. 2017ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, நடிக்கும் குழந்தையிடம் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் கூடாது. மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். குழந்தைகளின் பாதுகாப்புக்கென்று பொறுப்பான ஒருவர் இருக்கவேண்டும். இரவெல்லாம் கண்விழித்துப் படம் பிடிப்பதையே வீரமாக நினைக்கும் மாணவர்களில் எத்தனை பேர் இந்த விதிகளைப் படித்திருப்பார்கள்?

விதியைவிடப் பெரியது தொழில். 'நிஜமான அழுகை வேண்டும்' என்று சொல்லி ஒரு பையனை மிரட்டி அழவைக்கும் இயக்குநர், குழந்தைக் கொடுமைக்கு எதிராகப் படம் எடுத்துக்கொண்டே அதைச் செய்கிறார். அது தேவையும் இல்லை. அடிக்கும் கையையும் அழும் முகத்தையும் வேறு வேறு நாளில் எடுத்து ஒட்டலாம். எடிட்டிங் என்ற கலையே இதற்காகத்தான் இருக்கிறது. பையனிடம் 'காணாமல்போன பந்தைத் தேடு' என்று சொன்னால் போதும். திரையில் அது பயமாகத் தெரியும்.

பத்து நிமிடத்தில் குழந்தைப் பருவத்தைச் சொல்ல முகமூடி கட்டாயமல்ல என்பதற்கும் சாட்சி உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் லின் ராம்ஸே தன் திரைப்படப் பள்ளிப் பட்டப்படிப்புக்காக எடுத்த 'ஸ்மால் டெத்ஸ்' 1996ல் கான் விழாவில் குறும்படங்களுக்கான நடுவர் பரிசு பெற்றது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மூன்று சிறு சம்பவங்கள். பெரிய அழிவு எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் அவளுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் உடைகிறது, அவ்வளவுதான். எந்தச் சக்தியும் பிறக்கவில்லை. படத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்கவும் இல்லை.

இதற்காக மாணவர்கள் துண்டைக் கழுத்திலிருந்து கழற்றிவிட வேண்டும் என்பதல்ல. பயந்த குழந்தை தன்னைப் பலசாலியாகக் கற்பனை செய்வது இயல்பு. அந்தக் கற்பனையே சில நேரம் ராத்திரியைத் தாண்டவைக்கிறது. அதைப் படமாக்கலாம். அதைத் தீர்வாக்குவதுதான் தவறு. இந்தப் படங்களை மதிப்பிடும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. லைட்டிங்குக்கு எத்தனை மார்க், ஒலிக்கு எத்தனை மார்க் என்று போட்டுவிட்டு எழுந்து போகாமல், 'இந்தக் கதை எங்கிருந்து வந்தது, நன்றாகத் தூங்குகிறாயா' என்று தனியே ஒரு வார்த்தை கேட்கலாம். படம் முடிந்ததும் திரையில் 1098 என்ற எண்ணைப் போடலாம். 1996ல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் அது. இன்றும் அதே எண்தான்.

பேட்மேன் கதையில் இன்னொரு விவரம். தாய் தந்தை செத்துவிழுந்த சந்தில் நின்ற அந்தச் சிறுவனை வளர்த்தது யார்? 1939ல் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஆல்ஃபிரட் 1943ல் வந்தபோதுகூட, வளர்ந்து பெரியவனான முதலாளியின் வீட்டு வேலையாளாகத்தான் வந்தார். அவர்தான் அந்தச் சிறுவனை எடுத்து வளர்த்தவர் என்ற கதை நிலைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின. துப்பாக்கிக்கு ஆறு மாதத்தில் கிடைத்த இடம், சோறு போட்ட கைக்குக் கிடைக்க அவ்வளவு காலம் பிடித்தது. இன்று காமிராவைத் தூக்கும் மாணவருக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. கதவு திறந்தபோது திரையை வெளுக்கவிடாமல், அந்த வாசலில் நிற்பது யார் என்று காட்டினால் போதும். தகப்பனாக இருக்கலாம். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரியாகவும் இருக்கலாம்.